இரண்டாவது மெழுகுவத்தி

ஏசம்மாள் டீச்சர் படிக்கிற காலத்தில் தோற்ற ஒரே பாடம் விஞ்ஞானம். 1957இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியபோது மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க், விஞ்ஞானத்தில் மட்டும் இருபத்தெட்டு. செப்டம்பரில் மறுபடி எழுதித் தட்டுத்தடுமாறித் தேறினார். பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு இருபது வருஷம் தமிழும் கணக்குமாகவே ஓட்டிவிட்டார். விஞ்ஞானப் புத்தகம் இருந்த பக்கம்கூடத் திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தப் பாடம் வந்து விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகிற வழியில் மேற்கே பிரிந்து போனால் ஆவரங்காட்டுப்பட்டி. அங்கே இருந்த நடுநிலைப்பள்ளிக்கு ராஜபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். 1982 ஜூன் மாதம் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் வைகுண்டராஜ் நல்ல மனிதர், ஆனால் எதிலும் வம்பு வேண்டாம் என்று நினைப்பவர். அவர் டைம்டேபிளைத் திருத்தி எழுதி, ஆறு ஏழு எட்டு மூன்று வகுப்புக்கும் விஞ்ஞானம் ஏசம்மாள் டீச்சர் என்று போட்டுவிட்டார். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புது ஆள் வரும்வரைக்கும்தான் என்று அவர் சமாதானம் சொன்னார். புது ஆள் வரவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீச்சர் அழுதே விட்டார். கணவர் பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அழுது முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்:

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. பொறவு செஞ்சு பாரு. மில்லுல மெஷின் நின்னு போனா நாங்க மட்டும் என்ன, கழட்டித்தானே பாக்கோம்?"

டீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை முதல்நாளே அடுப்படியில் செய்து பார்ப்பது வழக்கமாயிற்று. சரியாக வந்தால் பள்ளிக்குப் போகும். வராவிட்டால் அதுவும் போகும். ஏன் வரவில்லை என்று பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பார். மனித உடல் பாடம் வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் கறிக்கடையில் காலையிலேயே போய் நின்று, மூச்சுக்குழலோடு ஒரு ஆட்டு நுரையீரலை வாங்கி, வாழை இலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பையிலிருந்து சொட்டியதைப் பார்த்து, ஸ்கூலில் இன்றைக்கு விருந்தா என்று கண்டக்டர் கேட்டார். விருந்து இல்லை, பாடம் என்றார் டீச்சர். வகுப்பில் பப்பாளிக் காம்பைக் குழலில் செருகி ஊதியதும் சுருங்கிக் கிடந்த நுரையீரல் ரோஜா நிறத்தில் உப்பி எழுந்தது. கடைசி பெஞ்சுப் பையன்கள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஊத வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். அந்த வருஷம் அந்தப் பாடத்தில் யாரும் தவறவில்லை.

இப்படியாக இரண்டு மூன்று வருஷத்தில் அவர் பெயர் சுற்று வட்டாரத்தில் பரவியது. அதிலும் ஏழாம் வகுப்பு மெழுகுவத்திப் பாடம் தனிப் பெயர் பெற்றது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்துவார். அதன் மேல் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கவிழ்ப்பார். சுடர் சுருங்கி அணையும். வெளியே இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறும். பாட்டிலில் ஐந்து சமபாகமாகக் கோடு போட்டிருப்பார். ஏறிய தண்ணீர் ஏறக்குறைய முதல் கோட்டில் வந்து நிற்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அதைச் சுடர் எரித்துத் தீர்த்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று விளக்குவார். பயிற்சிப் பள்ளியில் எழுதிக்கொண்ட நோட்டில் அப்படித்தான் இருந்தது. பார்க்கவும் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை இதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். செய்து முடித்ததும் கைதட்டினார்கள். விஞ்ஞானத்தில் இருபத்தெட்டு வாங்கியவருக்கு அந்தக் கைதட்டல் பெரிய விஷயம்தான்.

1989 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த அந்த வாரம்தான் டீச்சர் மெழுகுவத்திப் பாடத்தை நடத்தியிருந்தார். ஏழாம் வகுப்பில் அங்காளம்மாள் என்று ஒரு பிள்ளை. அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவள் வாய் திறந்து பேசுவதே அபூர்வம். மறுநாள் வகுப்பில் அவளாகவே எழுந்து நின்றாள்.

"டீச்சர், ரெண்டு மெழுகுவத்தி வச்சா தண்ணி கூட ஏறுது."

வீட்டில் செய்து பார்த்தபோது தம்பி தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதானாம். இரண்டையும் சேர்த்து வைத்துக் கவிழ்த்தாளாம். தண்ணீர் முதலில் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டதாம். டீச்சர் சிரித்துக்கொண்டே, பாட்டில் ஒன்றுதானே, அதில் இருக்கிற ஆக்சிஜனும் அவ்வளவுதானே, நீ அளந்தது தப்பாக இருக்கும், உட்கார் என்றார். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அங்காளம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் விடவில்லை. அடுத்த நாள் வரும்போது இரண்டு நூல் துண்டுகளைக் கொண்டுவந்து டீச்சர் மேஜையில் வைத்தாள். ஒன்று ஒரு மெழுகுவத்திக்கு ஏறிய உயரம், மற்றது இரண்டுக்கு ஏறிய உயரம். இரண்டாவது நூல் முதலாவதைவிட நல்ல நீளம். மூன்று தடவை செய்து பார்த்ததாகச் சொன்னாள்.

டீச்சர் அந்த நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தட்டையும் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லி, வகுப்புக்கு முன்னாலேயே செய்தார். ஒரு மெழுகுவத்திக்கு முதல் கோடு. இரண்டுக்கு அதைத் தாண்டியது. மூன்று வைத்தார். இரண்டாம் கோட்டுக்கே வந்துவிட்டது. முப்பது பிள்ளைகளும் எழுந்து வந்து தட்டைச் சுற்றி நின்றார்கள்.

"எனக்குத் தெரியலையே," என்றார் டீச்சர். பிறகு அங்காளம்மாளைப் பார்த்து, "நீ அளந்தது சரி. நாந்தான் அளக்காமலே பேசிட்டேன்" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். சுடர் எரிகிறபோது தண்ணீர் ஏறவில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. எரிகிறபோது பாட்டில் விளிம்பு வழியாகக் குமிழி வெளியே வருகிறது. டீச்சர் இன்னொரு முறை செய்து பார்த்தார். அதுவும் உண்மைதான். ஏழு வருஷமாக இதே பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தும் அந்தக் குமிழியை அவர் பார்த்ததில்லை.

வீட்டில் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னுராஜும் சேர்ந்து யோசித்தார். மூன்றாம் நாள் காலையில், கழுவி வைப்பதற்காகக் கொதிநீரில் அலசிய ஒரு டம்ளரை ஈரத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார் டீச்சர். செத்த நேரம் கழித்து எடுக்கப் போனால் டம்ளர் தட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. தூக்கினால் தட்டும் கூடவே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு வெந்நீரில் மெதுவாகச் சூடேற்றிய கண்ணாடி பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்துப் பார்த்தார். மெழுகுவத்தி இல்லை, சுடர் இல்லை, எரிவது எதுவும் இல்லை. பாட்டில் ஆற ஆற, தண்ணீர் மட்டும் உள்ளே ஏறியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் குமிழியாக வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்து ஆறும்போது மீதிக் காற்று சுருங்குகிறது. தண்ணீரை மேலே ஏற்றியதில் பெரும்பங்கு அதற்குத்தான். இரண்டு மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், அதனால் ஏற்றமும் அதிகம். ஒரு மெழுகுவத்திக்குச் சரியாக முதல் கோட்டில் நின்றது அந்தப் பாட்டிலின் அளவும் அந்த மெழுகுவத்தியின் அளவும் தற்செயலாகப் பொருந்தியதால்.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொய்யா? அதுதான் அடுத்த கேள்வி. பொன்னுராஜ்தான் வழி சொன்னார். லேத்தில் இருந்து விழுகிற இரும்புச் சுருள் மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடுகிறது, துருப்பிடிக்கவும் காற்று வேண்டும், ஆனால் அங்கே சூடு இல்லையே என்றார். மறுநாள் ஒரு பொட்டலம் இரும்புச் சுருள் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்குப் போக அதைச் சோடா உப்பில் கழுவினார்கள். ஆஸ்பத்திரியில் காலியாகப் போட்டிருந்த நீண்ட குளுக்கோஸ் பாட்டில் ஒன்று கிடைத்தது. ஈரமான பேண்டேஜ் துணியில் சுருளை வைத்து, கவிழ்த்தால் விழாதபடி பாட்டிலின் அடியில் திணித்து, பாட்டிலைத் தண்ணீரில் கவிழ்த்து வகுப்பு ஜன்னலில் வைத்தார் டீச்சர். ஐந்து கோடு போட்டாயிற்று. தினமும் ஒரு பிள்ளை உயரத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் விரல் கனம் ஏறியிருந்தது. சுருள் செம்மண் நிறத்துக்கு மாறியது. தண்ணீர் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எட்டாம் நாள் முதல் கோட்டைத் தொட்டது. பிறகு நின்றுவிட்டது. இன்னும் நிறைய இரும்பு மீதி இருந்தது. ஆனாலும் ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் அதே இடம். இரண்டு மடங்கு இரும்பு வைத்து இன்னொரு பாட்டிலும் செய்யச் சொன்னாள் அங்காளம்மாள். அதிலும் அதே கோட்டில்தான் நின்றது.

"சேதி சரிதான்," என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னார். "நான் கூட்டிட்டு வந்த சாட்சிதான் பொய்ச் சாட்சி."

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல பாடம் என்ற அளவில் நின்றிருக்கும். ஆனால் ஏசம்மாள் டீச்சருக்கு அது முடியவில்லை. 1982இலிருந்து ஏழு வருஷத்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பொய்ச் சாட்சியை நம்பிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா? தலைமையாசிரியரிடம் போய்ப் பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டார். வைகுண்டராஜ் சார் பதறிப்போனார். யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது என்றார். பரீட்சையில் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்றார். ஐந்தில் ஒரு பங்கு என்றே எழுதட்டும், அது மாறவில்லை என்றார் டீச்சர்.

"நாமளே போய்த் தப்பாச் சொல்லிக் குடுத்தோம்னு சொன்னா, நாளைக்கு நம்ம பேச்சை எவன் டீச்சர் கேப்பான்?"

"கேக்காட்டாலும் பரவாயில்ல சார். எம் பேரைச் சொல்லி அந்தப் பிள்ளைக யார்கிட்டயாவது இதைச் சொல்லிக் குடுத்துட்டா என்ன பண்ண?"

அவர் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். இருநூற்று மூன்று பெயர்கள் இருந்தன. டீச்சர் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சொல்லி முடித்ததும் அந்தப் பெயரை அடித்துவிடுவது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் தட்டும் பாட்டிலும் மெழுகுவத்தியும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். உள்ளூரில் இருந்தவர்களை இரண்டு மாதத்தில் பார்த்து முடித்தார். மாரிச்சாமி என்று ஒருவன் ராஜபாளையத்தில் மில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கேட்டில் டீச்சர் வந்து நிற்பதாக ஆள் போய்ச் சொன்னதும், வீட்டில் யாருக்கு என்னவோ என்று பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதெல்லாம் மறந்தே போயிற்று என்றான். டீச்சரும் சிரித்தார். ஆனாலும் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் தட்டை வைத்து ஒரு மெழுகுவத்தி, இரண்டு மெழுகுவத்தி என்று செய்து காட்டிவிட்டுத்தான் போனார். ஷிப்டு முடிந்து வந்த பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மூன்று வைத்துக் காட்டச் சொல்லி மாரிச்சாமியே கேட்டான்.

தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்த செல்லக்கனி, கைக்குழந்தையை மடியில் போட்டபடி நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவள் கண் கலங்கியது. டீச்சருக்கு ஏன் என்று புரியவில்லை.

"என்கிட்ட இதுவரைக்கும் யாரும் தப்பாச் சொல்லிட்டேன்னு வந்து சொன்னதில்ல டீச்சர்," என்றாள் அவள்.

எல்லா இடத்திலும் அப்படி இருக்கவில்லை. செட்டியார்பட்டியில் விசைத்தறி வைத்திருந்த உக்கிரபாண்டியின் மகன் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் பெயிலானவன். வாசலில் நின்று டீச்சர் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு உக்கிரபாண்டி குரலை உயர்த்தினார். அப்படியானால் தன் மகன் பெயிலானதற்கு டீச்சர்தான் காரணம் என்றார். அந்தக் கேள்வி பரீட்சையில் வரவில்லை என்று டீச்சர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரமே கல்வி அதிகாரிக்கு மனுப் போட்டுவிட்டார். தவறாகப் பாடம் நடத்தியதை ஆசிரியையே ஒப்புக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறார், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனுவில் இருந்தது.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது டீச்சர் நிஜமாகவே பயந்தார். வேலை போய்விடுமோ என்று நினைத்தார். பொன்னுராஜ் மட்டும், நடந்ததை எழுது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். அப்படியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். கண்டிப்பானவர் என்று பெயர். வகுப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மெழுகுவத்திச் சோதனையைச் செய்யச் சொன்னார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்துபோயிற்று. அங்காளம்மாள் எழுந்து வந்து, "நான் செய்யுதேன் டீச்சர்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்து காட்டினாள். வெந்நீர்ப் பாட்டிலைக் காட்டினாள். ஜன்னலில் இருந்த இரும்புத் துருப் பாட்டிலைக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். தானும் சின்ன வயதில் மெழுகுவத்திக் கதையைத்தான் படித்ததாகச் சொன்னார். போகும்போது தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, ஆசிரியை பிழையைத் தாமே கண்டு திருத்தியுள்ளார், மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதினார். இனி வீடு வீடாகப் போக வேண்டாம் என்று வாய்மொழியாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் அதற்குக் கட்டுப்பட்டார். வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தபால் கார்டுக்கு மாறினார். திருப்பூர், பம்பாய், பட்டாளம் என்று பிரிந்து கிடந்தவர்களின் விலாசங்களை அவர்கள் வீட்டாரிடம் கேட்டு வாங்கி, வாரத்துக்கு ஐந்தாறு கார்டு எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே சேதி: 'ஏழாம் வகுப்பில் மெழுகுவத்தி வைத்து நான் காட்டிய சோதனையில் தண்ணீர் ஏறியதற்கு நான் சொன்ன காரணம் தவறு. காற்று சூடாகி விரிந்து, பின் ஆறிச் சுருங்கியதே முக்கியக் காரணம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது சரி. சந்தேகம் இருந்தால் இரண்டு மெழுகுவத்தி வைத்துப் பார். உன் டீச்சர், ஏசம்மாள்.'

பதில் அதிகம் வரவில்லை. வந்தவற்றில் ஒன்று பம்பாயில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த வீரணன் எழுதியது. படிக்கிற காலத்தில் வகுப்பிலேயே அதிகம் அடி வாங்கியவன். நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தான்: 'அப்படியானால் வேறு எதையெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்கள் டீச்சர்?'

வைகுண்டராஜ் சார் அதைப் படித்துவிட்டு, பயல் கொழுப்பு இன்னும் அடங்கவில்லை என்றார். டீச்சருக்கு அது கொழுப்பாகத் தெரியவில்லை. நியாயமான கேள்வியாகத் தெரிந்தது. தன் பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கி, செய்து பார்க்காமல் சொன்னவை எவை என்று ஒரு கோடைவிடுமுறை முழுக்கத் தேடினார். நாக்குப் படத்தில் வந்து நின்றார். நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்த படம். அதை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், வேப்பிலைச் சாறு நான்கையும் கிண்ணங்களில் வைத்தார். தென்னங்குச்சியில் பஞ்சு சுற்றி, பிள்ளைகள் ஒருவர் நாக்கில் ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். எல்லா ருசியும் எல்லா இடத்திலும் தெரிந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடுவதைக் கேட்டு வைகுண்டராஜ் சார் பிரம்போடு வந்து வாசலில் நின்றார். டீச்சர் நடந்ததைச் சொன்னார். அவர் நம்பவில்லை. நுனி நாக்கில் கசப்பு தெரியாது என்பது தனக்கு முப்பது வருஷமாகத் தெரியும் என்றார். ஒரு பையன் பணிவாகக் குச்சியை நீட்டினான். சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவரும் நாக்கை நீட்டினார்.

முகம் சுருங்கியது. வராண்டாவுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வந்தார்.

"தெரியுதே டீச்சர்," என்றார். "இந்தப் படத்தை நானும் எம்புட்டுப் பேருக்கு வரைஞ்சு காட்டியிருப்பேன். அந்தப் பழைய ரிஜிஸ்டர்ல என் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கும்லா? நாளைக்கு நூறு கார்டு வாங்கிட்டு வாரேன்" என்றார்.

அங்காளம்மாள் பத்தாவது வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தாள். அதற்கு மேல் வீட்டில் முடியவில்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூலின் கனத்தையும் முறுக்கையும் சோதிக்கிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சந்தேகம் வந்தால் மறுபடி எடை போடாமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்று அங்கே அவளுக்குப் பெயர். ஏசம்மாள் டீச்சர் 1998இல் ஓய்வு பெற்றார். அன்றைக்கு அவர் நோட்டில் இருநூற்று மூன்று பெயர்களில் பதினொன்று அடிக்கப்படாமல் இருந்தன. அதற்குப் பிறகும் ராஜபாளையம் பஸ் நிலையத்தில் ஆவரங்காட்டுப்பட்டிக்காரர் யாரைப் பார்த்தாலும், அந்தப் பதினோரு பேரில் யாராவது ஊருக்கு வந்தார்களா என்று விசாரிப்பார்.